நூற்றுப் பதிமூன்றாம் பக்கம்

எங்கள் பத்திரிகையின் ஆறாம் பக்கத்தில், இடது கீழ் மூலையில், தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தமாதிரி ஒரு கட்டம் வரும். தலைப்பு 'இதே நாளில்'. எந்தச் சண்டை எந்தத் தேதியில் நடந்தது, எந்தக் கோட்டை விழுந்தது, எந்தக் கப்பல் மூழ்கியது என்று தினம் ஒரு சம்பவம். எட்டே வரி. இருபத்திரண்டு வருஷமாக அதை எழுதுகிறவன் நான். கட்டத்தில் என் பெயர் வராது. அலுவலகத்தில் மட்டும் என்னைக் 'காலண்டர்' என்று கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

நான் வேலை செய்யும் லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் மேஜையடியில் ஒரு செருப்புப் பெட்டி. அதற்குள் முந்நூற்று அறுபத்தாறு அட்டை, தேதிக்கு ஒன்று. முதல் வருஷம் நூலகமே கதியென்று கிடந்து, மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன். அடுத்த வருஷத்திலிருந்து ஒரே ஒரு வேலைதான். அன்றைய அட்டையை எடுப்பது, பென்சிலால் எழுதிய ஆண்டுக் கணக்கை ரப்பரால் அழிப்பது, ஒன்று கூட்டிப் போடுவது. 'இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்' என்பது இருபத்தொன்பது ஆகும். நாலு நிமிஷ வேலை. குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டியே என் தலைமயிர் நரைத்தது. "உலகத்துச் சாவையெல்லாம் செருப்புப் பெட்டியில அடுக்கி வச்சிருக்கிற மனுஷன் நீங்க ஒருத்தர்தான்" என்பாள் என் மனைவி.

ஆனால் அந்த எட்டு வரிக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஊரில் பாதிப் பள்ளிக்கூடங்களில் காலைக் கூட்டத்தில் அதை ஒரு பிள்ளையை விட்டு மைக்கில் வாசிக்கச் சொல்வார்கள். பேருந்துக்கு நிற்கும்போது மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் வரிகள் ஒலிபெருக்கியில் வரும். பக்கத்தில் நிற்கிறவரிடம் "அது நான் எழுதினது சார்" என்று சொல்லத் துடிக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவு தலைக்கனம்.

எங்கள் ஆசிரியர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். போன திங்கட்கிழமை என் மேஜைக்கே வந்தார்.

"காலண்டர் சார், அடுத்த வாரம் ஆற்றுப் பாலச் சண்டைக்கு அம்பது வருஷம். ஞாபகம் இருக்கா?"

"என்ன மேடம், என்கிட்டயே கேக்குறீங்க?"

"அரைப் பக்கம் தர்றேன். அந்தச் சண்டையில பிழைச்சவர் ஒருத்தர் இருக்காராமே, இதே ஊர்ல. போய்ப் பேசிட்டு வாங்க."

இருபத்தைந்து, ஐம்பது, நூறு என்று முழு எண் வந்தால்தான் செத்தவர்களுக்கு எங்கள் பத்திரிகையில் இடம் கூடும். சரியென்று அட்டையை எடுத்தேன். ஆண்டுக் கணக்கு இருந்த இடம் அழித்து அழித்து நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் விளக்குத் தெரிந்தது. நான் எழுதியிருந்தது இதுதான்:

'49 ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், ஆற்றுப் பாலத்தைக் காத்து நின்ற நாற்பத்து மூன்று வீரர்கள் ஒரே விடியலில் மடிந்தனர். வடக்குக் கூண்டில் அபாய மணி அடிக்க வேண்டிய காவலாள் இடத்தை விட்டு ஓடிப்போனதே காரணம். உயிர் பிழைத்தவர் அவர் ஒருவரே.'

அரைப் பக்கத்துக்கு இது போதாது. நூலகத்துக்குப் போய், முதல் வருஷம் பார்த்த அதே புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் எழுதியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரி: 'அபாய மணி ஒலிக்கவில்லை, வடக்குக் கூண்டில் காவலாள் இல்லை.' பக்கத்தைத் திருப்பினேன். நூற்றுப் பதிமூன்றின் முதல் வரிகள்: 'காயம்பட்ட ஒருவரைச் சுமந்துகொண்டு மருத்துவ முகாமுக்குப் போகுமாறு தளபதியே அவரை அனுப்பியிருந்தார். மாற்று ஆள் கூண்டுக்கு ஏற்றப்படவில்லை. சுமந்து செல்லப்பட்டவரும் வழியில் இறந்தார். பின்னர் நடந்த விசாரணையில் காவலாள் மீது குற்றமில்லை என்று முடிவாயிற்று.'

'இல்லை' என்றுதான் புத்தகம் சொல்லியிருக்கிறது. 'ஓடிப்போனான்' என்பது என் கைச்சரக்கு. இருபத்திரண்டு தடவை, வருஷம் தவறாமல், ஒரு கணக்கைக் கூட்டிக் கூட்டி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். சரி, பக்கத்தைத் திருப்பாமல் விட்டுவிட்டேன், அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்களே, அப்படி நடந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த மனிதர் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். எழுபத்திரண்டு வயது. சண்டைக்குப் பிறகு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்துவிட்டு, மூச்சு வாங்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் இன்னார் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தக் கட்டத்தை எழுதுறவர் நீங்கதானா? நான் தாடியெல்லாம் வச்ச பெரியவரா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

அவர் சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை. உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே சொன்னேன். "ஐயா, ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. புத்தகத்துல அடுத்த பக்கத்தை நான் திருப்பல. தளபதிதான் உங்களை அனுப்பினார்ங்கிறது எனக்குத் தெரியாம போச்சு."

"அப்படியா?" என்றார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "விடுங்க தம்பி. எல்லாருக்கும் நடக்குறதுதான்."

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு அவர் கொடுத்த தண்டனை அவ்வளவுதான்.

"நீங்களாவது ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருக்கலாமேய்யா" என்றேன்.

"என்னன்னு எழுதுறது? தளபதி என்னை இறக்கிட்டு வேற ஆளை ஏத்த மறந்துட்டார்னா? அவரும்தானே அங்க செத்துக் கிடந்தார். அவர் வீட்டம்மா ரெண்டு பிள்ளைகளோட இதே தெருவுலதான் இருந்தாங்க. தினம் எதிர்ல வருவாங்க. என் பேரைக் காப்பாத்திக்க அவங்க தாலியறுத்த துக்கத்துல மண்ணள்ளிப் போடணுமா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "விசாரணையில கேட்டாங்க, சொன்னேன். அதோட முடிஞ்சுது. அந்தம்மா போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தாங்க. பிள்ளைங்க இருக்காங்க. அதனால அரைப் பக்கமெல்லாம் வேண்டாம் தம்பி."

"திருத்தமாவது போடுறேன்யா."

"போட்டா போடுங்க. படிக்க வேண்டிய ஆள் உங்க பேப்பரை வாங்குறதில்ல."

அலமாரியில் மாத்திரைப் பட்டைகள் ரப்பர் வளையம் போட்டு அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பட்டையிலும் பேனாவால் 'காலை', 'சாப்பிட்ட பின்', 'பாதி மட்டும்' என்று சிறிய, நேரான எழுத்து. அதில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"என் பொண்ணு. இதே ஊர்லதான் மருந்துக்கடை வச்சிருக்கா. மாசாமாசம் கூரியர்ல அனுப்பிருவா. எனக்கு அவ எழுதுற லெட்டர் இதுதான். அவ இந்த வீட்டுக்கு வந்து பதினேழு வருஷம் ஆச்சு. சண்டையெல்லாம் இல்ல. அப்பன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கல, அவ்வளவுதான்."

"எதனாலய்யா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"உங்க கட்டத்தை நம்பிட்டா" என்றார். குரலில் கோபமில்லை. "நெஞ்சுல ஆபரேஷன், வர்ற வியாழக்கிழமை. ரத்தம் இளக்குற மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்காங்க. அந்தச் சீட்டு அவ கடைக்குத்தான் போச்சு. பார்த்ததும் அவளுக்குப் புரிஞ்சிருக்கும். இன்னும் ஒண்ணும் சொல்லல." பட்டையை என் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். "உங்களால முடிஞ்சா அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா சாக்கு மாதிரி இருக்கும்."

அந்த வார்த்தைக்காகத்தான் நான் படியிறங்கினேன். வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அலுவலகத்துக்கு வந்து அட்டையைத் திருத்தலாமென்று ரப்பரை எடுத்தேன். 'ஓடிப்போன'தை அழித்தேன். அழுத்தியதில் அட்டை கிழிந்துவிடப் போகிறதே என்று திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மூலையில், பென்சிலில், பொடிப்பொடியாக, என் கையெழுத்து:

'ப.113: அனுப்பியது தளபதி. குற்றமில்லை. இடம் போதாது.'

திருப்பியிருக்கிறேன். படித்திருக்கிறேன். படித்துவிட்டு, எட்டு வரிக்கு மேல் போகிறதென்று, குறிப்பு எழுதிவிட்டு, விட்டிருக்கிறேன். அந்த முதல் வருஷத்தின் மத்தியானம் ஒன்று அரைகுறையாக ஞாபகத்துக்கு வந்தது. 'இல்லை' என்று எழுதினால் சப்பென்று இருக்கிறது, 'ஓடிப்போனான்' என்றால் நின்று படிப்பார்கள் என்று நினைத்தது ஞாபகம் வந்தது. பிறகு வசதியாக மறந்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுமில்லாமல், அப்படியொரு பூசணிக்காயே இல்லையென்று நானே நம்பியிருக்கிறேன். அந்தப் பெரிய மனிதர் 'விடுங்க தம்பி' என்று மன்னித்தது, செய்யாத சின்னத் தப்பை. செய்த தப்பு என் மடியில் கிடந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆசிரியரிடம் அட்டையைக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் காட்டினேன். அவர் வாங்கிப் படித்தார்.

"இதை வேற யாரும் பார்த்தாங்களா?"

"இல்ல மேடம்."

"சரி. அரைப் பக்கம் வேண்டாம். ரெண்டாம் பக்கத்துல ரெண்டு வரி திருத்தம் போட்டுரலாம். 'உத்தரவின்படியே இறங்கினார், தவறுக்கு வருந்துகிறோம்.' போதும்தானே?"

போதாதென்று எனக்குத் தெரியும். ஆனாலும் "போதும் மேடம்" என்றேன். எழுதிக்கூடக் கொடுத்தேன். இரண்டு வரியில் கச்சிதமாக அடங்கியது. என் கைக்கு அந்தப் பழக்கம் மட்டும் போகவே போகாது போலிருக்கிறது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டாள். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணுகிட்ட எந்தப் பக்கத்தைக் காட்டப் போறீங்க?" என்று கேட்டாள். பிறகு பாத்திரத்தைத் திரும்ப எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மருந்துக்கடைக்குப் போனேன். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் ஒரு பெண், முப்பத்து நாலு வயதிருக்கும். அப்பாவின் நெற்றி, அப்பாவின் பொறுமை. இருமல் மருந்துக்கு ஒருவர், குழந்தைக்குச் சொட்டு மருந்துக்கு ஒரு அம்மா, சீட்டையே தொலைத்துவிட்டு 'அந்த மஞ்சள் மாத்திரை' என்று ஒருவர். ஆளுக்கு ஆள் பொறுமையாக எழுதிக் கொடுத்தாள். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றேன். உண்மையில் கூட்டம் குறையக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்கு என்ன சார்?"

"மருந்து வேண்டாம்மா. நான் பத்திரிகை ஆபீஸ்லேர்ந்து வர்றேன். 'இதே நாளில்' எழுதுறவன்."

அவள் கையிலிருந்த பேனாவை மூடினாள். முகம் ஒரு நொடியில் கதவு சாத்தினமாதிரி ஆயிற்று. "அம்பதாம் வருஷம்னு பேட்டி எடுக்க வந்தீங்களா? எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல."

"எனக்குத்தான் சொல்ல இருக்கும்மா" என்றேன். சொன்னேன். மணி ஏன் அடிக்கவில்லை, யார் யாரை அனுப்பினார்கள், அவர் முதுகில் யாரைச் சுமந்து போனார், விசாரணையில் என்ன முடிவானது, ஏன் அவர் வாயைத் திறக்கவில்லை, எல்லாம். புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும் நகலெடுத்துக் கொண்டுபோயிருந்தேன். மேஜைமேல் வைத்தேன். அவள் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

"அப்ப உங்களுக்கு இந்த ரெண்டாவது பக்கம் தெரியாதா?" என்று கேட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினமாதிரி நின்றேன். 'தெரியாதும்மா' என்று சொல்ல ஒரு நொடி போதும். அப்பாவிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், மகளிடம் மாற்றிச் சொல்வானேன் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. பையிலிருந்து அட்டையை எடுத்து, பின்பக்கம் மேலே வருமாறு வைத்தேன்.

"தெரியும்மா. இடம் போதாதுன்னு விட்டுட்டேன்."

அவள் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ வந்து தலைவலி மாத்திரை கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். மீதிச் சில்லறை கொடுத்தாள். அவர் போனதும் பேசினாள்.

"இது முதல் தடவை பேப்பர்ல வந்த வருஷம் எனக்குப் பன்னண்டு வயசு. அன்னைக்கு அசெம்ப்ளியில வாசிக்கிற முறை என்னோடது. முதல் தடவை மைக். டீச்சர் பேப்பரைக் கையில கொடுத்தாங்க. அறுநூறு பிள்ளைங்க. நான் ஏற்ற இறக்கத்தோட வாசிச்சேன். 'ஓடிப்போனதே காரணம்'ங்கிறதை அழுத்தி வாசிச்சேன் சார். அப்பாவும் அந்தப் பாலத்துல இருந்தவர்னு எனக்குத் தெரியும். ஆனா மணி, கூண்டு எதுவும் தெரியாது. கடைசி வரி வாசிச்சப்பதான் பின் வரிசையில ஒருத்தன் என் பேரைச் சொல்லிக் கத்தினான். உயிரோட வந்தவர் ஒருத்தர்தான்னு ஊருக்கே தெரியுமே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல மணி அடிச்சா போதும், கிளாஸ் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். ஒரு நாளைக்கு எட்டு தடவை அடிக்கும் சார் மணி." குரல் உயரவேயில்லை. "வீட்டுக்குப் போய்க் கேட்டேன், 'நீங்க இறங்கிட்டீங்களா'ன்னு. 'இறங்கினது உண்மைதாம்மா'ன்னார். வேற ஒண்ணும் சொல்லல. பதினேழு வயசுல ஹாஸ்டலுக்குக் கிளம்புறப்ப, வாசல்ல பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். அப்ப நான் சொன்னேன். 'அந்த நாப்பத்து மூணு பேரோட நீங்களும் போயிருக்கலாம்'னு. என் வாயால சொன்னேன்."

"என்னாலதாம்மா. எல்லாம் என்னால" என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. "நாளைக்கு ஆபரேஷன். ஒரு தடவை போய்ப் பாருங்க. பத்திரிகையிலயும் திருத்தம் வரும்."

"எத்தனை வரி?"

"ரெண்டு."

அவள் அட்டையை என் பக்கமாகத் தள்ளினாள். "நீங்க ரெண்டு வரி திருத்தம் போட்டுருவீங்க சார். நான் எதுல போடுறது?"

நானா பதில் சொல்வேன்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? என் பாவத்தை இறக்கி வைக்கப் போன இடத்தில், அதை அந்தப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டு நின்றேன். இதுவரை அவள் ஒரு கோழைக்கு மகள், அவ்வளவுதான். நான் போய்ச் சொன்ன பத்து நிமிஷத்தில், நிரபராதியைப் பதினேழு வருஷம் ஒதுக்கிவைத்த மகளாகிவிட்டாள். கடையின் தொலைபேசி எண் அச்சிட்ட சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்றாம் மாடி ஏறும்போது எனக்கே மூச்சு வாங்கியது. அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு பையில் துண்டு, சீப்பு, கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா தம்பி?"

"பார்த்தேன்யா. முதல்ல நான் வேற ஒண்ணு சொல்லணும். நேத்து உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அப்ப அது பொய்னு எனக்கே தெரியாது, ஆனாலும் பொய்தான். அந்தப் பக்கத்தை நான் அன்னைக்கே திருப்பிப் படிச்சிருக்கேன். படிச்சிட்டுத்தான் விட்டேன்."

அட்டையை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இந்தத் தடவை 'விடுங்க தம்பி' என்று அவர் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பை நானும் எதிர்பார்க்கவில்லை.

"அவ என்ன சொன்னா?"

சொன்னேன். எதையும் சுருக்கவில்லை. மைக்கில் வாசித்தது, மணி அடிக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தது, வாசலில் சொன்ன அந்த வார்த்தை, கடைசியாகக் கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் அவள் சொன்னபடியே சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"அன்னைக்குக் காலையில ஆறு மணிக்கே டீக்கடையில பேப்பரைப் பார்த்துட்டேன்" என்றார். "அவ முறைன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு, பழைய பேப்பரை வச்சு வாசிச்சுப் பழகினா. மீட்டர் பையை ஒரு வீட்டுல போட்டுட்டு ஸ்கூலுக்கு ஓடினேன், வாசிக்க வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொல்லலாம்னு. நான் உள்ள நுழையுறப்ப அவ ஆரம்பிச்சிட்டா."

"நிறுத்தியிருக்கலாமேய்யா."

"நிறுத்தியிருக்கலாம். மைக் பக்கத்துலதான் டீச்சர் நின்னாங்க. ஆனா பாதியில நிறுத்தினா, தான் வாசிச்சதுதான் சரியில்லன்னு அவ நினைச்சுக்குவாளே தம்பி. குழந்தை. ஒரு இடம் தடுமாறல. கமாவுக்குக்கூட நிறுத்தி வாசிச்சா." கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்தார். "முடியிற வரைக்கும் நின்னேன். டீச்சர் கை தட்டினாங்க. நானும் சேர்ந்து தட்டினேன். அதுக்கப்புறம் அவ பார்க்கிறதுக்குள்ள வெளிய வந்துட்டேன்."

என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. வெளியே படிக்கட்டுக்கு வந்து, சீட்டிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். என்ன சொல்கிறோம் என்று யோசித்தால் சுருக்கிவிடுவேனோ என்று பயந்து, அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். டீக்கடை, மீட்டர் பை, கண்ணாடி, கமா, கை தட்டினது. அந்தப் பக்கம் யாரோ விலை கேட்கிற குரல் கேட்டது. அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

"எங்க நின்னாரு?" என்று கேட்டாள் கடைசியில். "நான் பார்க்கலையே. எந்தப் பக்கம் நின்னாரு?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனேன். போனை அவரிடமே நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"இது போன்ல சொல்ற விஷயமா? நேர்ல வந்து கேட்டா சொல்றேன்னு சொல்லுங்க."

அதையும் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, கடையின் ஷட்டர் கீழே இறங்குகிற சத்தம் போனில் கேட்டது. நடுமத்தியானத்தில் எந்த மருந்துக்கடையையும் சாத்தமாட்டார்கள்.

"வர்றாங்கய்யா" என்றேன்.

அவர் எழுந்து, பைக்குள் வைத்த சீப்பை வெளியே எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். என்னை இருக்கச் சொன்னார். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவள் தெருவுக்குள் திரும்புவதற்குள் கீழே போய்விட வேண்டும் என்று படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.